பெஞ்சுக்குப் பூசிய ஆயில்

என் பட்டறைச் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்று தொங்குகிறது. வண்டி பழுதுபார்க்கிறவர்களுக்காக நாமக்கல்லில் ஒருநாள் பயிற்சி வைத்துக் கொடுத்தது. பணியிடப் பாதுகாப்பு, கழிவு மேலாண்மை என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். என் பெயரை மட்டும் பேனாவால் எழுதியிருந்தார்கள். வெயில் பட்டுப் பட்டு அந்த மை வெளிறிவிட்டது. கழற்றிவிடலாம் என்று பலமுறை ஸ்டூலை இழுத்துப் போட்டிருக்கிறேன், ஏறியதில்லை. கழற்றினால் சுவரில் சதுரமாக ஒரு தடம் தெரியும், அது என்ன என்று யாராவது கேட்பார்கள்.

நான் மலைக்காரன் இல்லை. கீழே முள்ளுக்குறிச்சிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு உண்டு. ராசிபுரத்தில் தொழில் பழகி, மலைமேல் வளப்பூர் நாட்டுக்கு வந்து, இங்கே ஊர்த்தொகுதியை நாடு என்பார்கள், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பட்டறை போட்டு இருபது வருஷம் ஆகிறது. மலையில் மெக்கானிக்குக்கு வேலைக்குப் பஞ்சம் கிடையாது. எழுபது வளைவு ஏறி இறங்குகிற வண்டிக்கு பிரேக் ஷூவும் கிளட்ச் பிளேட்டும் கீழே ஓடுகிற வண்டியில் பாதிக் காலம்கூட வராது. மேலே ஏறி வந்ததுமே, "ஏனுங்க, பிரேக்குல ஒரு வாசம் வருதுங்க" என்று வண்டியை நேராக என்னிடம் ஓட்டி வந்துவிடுவார்கள்.

எல்லா வண்டியிலிருந்தும் வடித்த பழைய ஆயில் பட்டறைக்குப் பின்னால் ஒரு பெரிய பேரலில் சேரும். நாங்கள் அதை வேஸ்ட் ஆயில் என்போம். பெயர்தான் வேஸ்ட். மழைக்கு முன்னால் மலையில் அதற்கு இருக்கிற கிராக்கி பெட்ரோலுக்குக்கூட இருக்காது. கதவு, கதவு நிலை, கூரை மரம், வேலிக்கால், ஆட்டுப்பட்டி என்று கரையான் ஏறக்கூடிய எல்லா மரத்துக்கும் அதைத்தான் பூசுவார்கள். வைகாசியில் ஆளாளுக்கு ஒரு கேனோடு வந்து நிற்பார்கள். நான் காசு வாங்குவதில்லை. அடுத்த வாரம் பலாப்பழம் வரும், ஒரு பை மிளகு வரும், மலைவாழைச் சீப்பு வரும். என் மனைவி, "உங்களுக்கு ஆயில்ல விளையுது வெள்ளாமை" என்று கேலி செய்வாள்.

பள்ளிக்கூடத்துக்கும் நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரசு நடுநிலைப் பள்ளி. பழைய மர பெஞ்சுகள். கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிக் கிடந்தால் கால் வழியாகக் கரையான் ஏறிவிடும். அதனால் திறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் எல்லா பெஞ்சுக்கும் ஒரு கை ஆயில். பிள்ளைகள் வருவதற்குள் மரம் குடித்துக் காய்ந்துவிடும். ஓர் ஆண்டு விழாவில் இதற்காக எனக்குச் சால்வை போர்த்தினார்கள். சங்ககால வள்ளல் ஆண்ட மலையில் இன்னொரு வள்ளல் என்று தலைமை ஆசிரியர் மைக்கில் சொன்னார். ஊரே சிரித்துக் கை தட்டியது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்கு வருவோம். அன்றைக்கு முக்கியமாக இரண்டு விஷயம் சொன்னார்கள். ஆயிலை மண்ணிலும் தண்ணீரிலும் ஊற்றாதீர்கள் என்பது காலையில். அதுவரை நான் பேரல் நிரம்பினால் மிச்சத்தைப் பின்பக்க ஓடையில்தான் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். சுருக்கென்றது. இரண்டாவது விஷயத்தை மதியம் சொன்னார்கள். வேஸ்ட் ஆயிலோடு தின்னர், பெயின்ட் ரிமூவர், பிரேக் ஆயில், ஆசிட் எதையும் கலக்காதீர்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டின் வையுங்கள், கலந்துவிட்டால் அது ஆயில் இல்லை, விஷம் என்று பாடம் எடுத்த அம்மா மூன்று தடவை சொன்னார். பிரியாணி சாப்பிட்டிருந்தேன். கண்ணைச் சொக்கிக்கொண்டு வந்தது. ஆனாலும் காதில் விழுந்தது. தூங்கிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

போகும்போது ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அதில் முகமூடி, கண்ணாடி, முழங்கை வரை வருகிற நீல ரப்பர் கையுறை ஒரு ஜோடி. கையுறையைப் பிரிக்காமலே கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். கையுறை போட்டுக்கொண்டு நட்டு முடுக்கினால் பிடி கிடைக்காது என்பது என் வாதம். ஓடையில் ஊற்றுவதை மட்டும் நிறுத்தினேன். வருகிறவர்களிடம் எல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொள்ள வசதியான பாடத்தை மட்டும் படித்துக்கொண்டு வந்திருந்தேன்.

அந்த வருஷம் மே மாதம் ஒரு பிக்கப் வேனை முழுசாக உரித்துப் பெயின்ட் அடிக்கிற வேலை வந்தது. எனக்குப் பெயின்ட் வேலை வராது, கீழேயிருந்து ஒரு பெயின்டரை வரவழைத்தேன். பழைய பெயின்ட்டின் மேல் அவர் ரிமூவரைத் தடவுவார். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் அப்பளம் போலப் பொங்கும், தகட்டால் வழித்து எடுப்பார். ஒரு சொட்டு என் புறங்கையில் தெறித்து, அரைமணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அது தோலை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு வரிக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும் பெயின்டர் ஒரு வாளியோடு நின்றார். வழித்த கூழும் மிச்ச ரிமூவரும், பெயின்ட் கன் கழுவிய தின்னரும் அதில் இருந்தன.

"அண்ணா, இத எங்கீங்க ஊத்தறது? ஓடையிலயா?"

"ஓடைப் பக்கமே போகக்கூடாது. பேரல்ல ஊத்துப்பா" என்றேன். பயிற்சி பெற்ற குரலில் சொன்னேன்.

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. பள்ளி வேலைகளெல்லாம் தள்ளிப்போய், திறக்க மூன்று நாள் இருக்கும்போதுதான் பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஆயிலுக்கு வந்தார். மலையிலேயே பெரக்கரை நாட்டில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒன்பது வருஷமாக வகுப்பறையும் கழிப்பறையும் அவர் கையில்தான். தற்காலிக வேலை, சின்னச் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் மகளைக் கீழே ஹாஸ்டலில் விட்டு நர்ஸிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தேன். அவருடைய கால்தான் எனக்குத் தெரிந்தது.

"தம்பி, பெஞ்சுக்கு ஆயில் வேணுமுங்க. திங்கக்கெழமைக்குள்ள பூசி முடிக்கோணுமாம்."

"புடிச்சுக்கங்கக்கா. பேரல் அடியில கொழா இருக்குது."

போனார். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, வாசம் ஒரு மாதிரியா இருக்குதுங்களே. கண்ணு எரியுதுங்க."

அந்த நொடியில் எனக்குப் பெயின்டரின் வாளி ஞாபகம் வந்தது. சத்தியமாக வந்தது. கியர்பாக்ஸ் பாதி கழன்ற நிலையில் இருந்தது, ஒரு கையால் அதைத் தாங்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். சோம்பலாக இருந்தது. வேறு காரணம் எதுவும் கிடையாது.

"பழைய ஆயிலு அப்படித்தானுங்கக்கா இருக்கும். பூசுங்க, காஞ்சா போயிரும்."

"செரீங்க தம்பி" என்றார். ஆயில் பிடித்த வாளியைத் தூக்கிக்கொண்டு கதவோரமாகத்தான் போனார். அந்தக் கதவுக்குப் பின்னால் கையுறை பாக்கெட் பிரிக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, பழைய துணியால் வெறுங்கையில் அத்தனை பெஞ்சுக்கும் பூசியிருக்கிறார். மழை ஈரத்தில் எதுவும் காயவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். மதியத்துக்குள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தொடையின் பின்பக்கம் சிவந்து தடித்தது. அதில் ஏழாம் வகுப்புப் படித்த என் மகளும் ஒருத்தி. என் மனைவி அவளைக் குப்புறப் படுக்க வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே, அந்தப் பொம்பளை கண்டதைக் கலந்து பூசிவிட்டாள் என்று திட்டினாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மகள் அழுதுகொண்டிருந்தாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.

புதன்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடியது. பெற்றோர் சார்பில் நானும் அதில் உறுப்பினர். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள், தலைமை ஆசிரியருக்குப் பக்கத்தில். அக்கா கதவோரம் நின்றார். இரண்டு கையையும் முந்தானைக்குள் வைத்திருந்தார். தலைமை ஆசிரியர் காட்டச் சொன்னதும் வெளியே எடுத்தார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்து, விரல் இடுக்குகளில் தோல் உரிந்து தொங்கியது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெற்றோர்கள் போட்ட கூச்சலில் அடித்துவிடுவார்களோ என்றுகூடத் தோன்றியது. தலைமை ஆசிரியர் கெட்டவர் இல்லை. மேலே விஷயம் போனால் தன் தலை உருளும் என்று பயந்திருந்தார்.

"என்னத்தம்மா கலந்தே? உண்மையைச் சொல்லிரு."

"நான் ஒண்ணுங் கலக்கலீங்க சார். குடுத்தத அப்படியே பூசினனுங்க."

குடுத்தது என்ற சொல் வந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இப்போது அந்த வாசத்தைப் பற்றிச் சொல்லப்போகிறார், கண் எரிந்ததையும் நான் சொன்ன பதிலையும் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார். மறந்துவிட்டார், பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"நீங்க சொல்லுங்க. ஆயில்ல ஏதாவது இருந்திருக்குமா?" தலைமை ஆசிரியர் மரியாதையாகத்தான் கேட்டார்.

வாயைத் திறந்தேன். "இத்தன வருசமாக் குடுக்கறனுங்க சார். எங்கூட்டுக் கதவுக்கும் இதேதானுங்க. ஒருநா ஒண்ணும் ஆனதில்லீங்க. கக்கூஸ் கழுவற வாளியில புடிச்சிருப்பாங்க, ஆசிட் கீசிட் ஒட்டியிருந்திருக்கும்."

பொய் அவ்வளவு சுலபமாக, அவ்வளவு ஒழுங்காக வந்தது. எனக்கே ஆச்சரியம். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. கழிப்பறை கழுவுகிறவர் என்பதால் உடனே நம்பினார்கள். அது தெரிந்துதான் அந்த வாளியை நான் இழுத்தேன். அக்கா கையை மறுபடி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். வேலையிலிருந்து நிறுத்துவதாகத் தீர்மானம் எழுதினார்கள். புத்தகம் என்னிடம் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து செம்மேட்டுக்குப் போனபோது மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கி, என் மனைவியிடம் கொடுத்தனுப்பினேன். நல்ல மனசு உங்களுக்கு என்றாள் அவள். மறுக்கவில்லை. அக்காவும் வாங்கிக்கொண்டு, தம்பிகிட்டச் சொல்லுங்க என்றாராம். என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே பேரலைக் கேன் கேனாகப் பிடித்து அடைத்து, கீழே கழிவு வாங்குகிற இடத்துக்கு வண்டி வைத்து அனுப்பினேன். தனித்தனி டின் வைத்தேன். ஆயிலுக்குப் பச்சை, தின்னருக்குச் சிவப்பு, பிரேக் ஆயிலுக்கு மஞ்சள். எழுத்துக்கூட நானே எழுதினேன். கையுறையைப் பிரித்துக் கையில் மாட்டினேன். இரண்டு நாளில் பழகிவிட்டது, பிடியெல்லாம் நன்றாகவே கிடைத்தது.

ஆனால் காலை முதல் பஸ் என் பட்டறைக்கு எதிரேதான் நிற்கிறது. ஆடி மாதம் முதல் அக்காவின் மகளும் அதில் ஏறத் தொடங்கினாள். ஹாஸ்டலை விட்டுவிட்டாளாம், தினமும் வீட்டிலிருந்தே போய்வருகிறாளாம். அந்தப் பெண்ணுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. கையில் ஒரு பாலிதீன் கவரை மடித்து வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்பாள். எழுபது வளைவு இறங்கி, சாயங்காலம் எழுபது வளைவு ஏறி வருவாள். என்னைப் பார்த்தால், "அண்ணா, பஸ் போயிருச்சுங்களா?" என்று கேட்பாள். இன்னும் இல்லை கண்ணு என்பேன். பிறகு பட்டறையைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்க ஆரம்பித்தேன். வாடிக்கைக்காரர்கள் கேட்டால் முதுகுவலி என்றேன்.

தை மாதத்தில் ஒருநாள் தலைமை ஆசிரியர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பட்டறைக்குக் கூட்டி வந்தார். தொழில்களை நேரில் காட்டுகிற பாடமாம். பிள்ளைகள் நோட்டும் பேனாவுமாக வரிசையில் நின்றார்கள். டின்களைக் காட்டினேன், எதில் எது ஊற்ற வேண்டும் என்று சொன்னேன். எது எதைக் கலக்கக்கூடாது என்பதையும் சொன்னேன். நாமக்கல்லில் அந்த அம்மா சொன்ன அதே வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தன. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். தலைமை ஆசிரியர் சுவரிலிருந்த சான்றிதழைக் காட்டி, "பார்த்தீங்களா, பொறுப்பா இருக்கறதுன்னா இதுதான். கவனமில்லாம இருந்தா என்ன ஆகும்னு நம்ம பள்ளிக்கூடத்துலயே பார்த்தோமில்ல?" என்றார். ஒரு பிள்ளை அக்காவின் பெயரைச் சொல்லிச் சிரித்தது. மற்றவர்களும் சிரித்தார்கள். என் காது சுட்டது.

பிள்ளைகள் வெளியே போனதும் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்டர், வாளி, வாசம், நான் படுத்துக்கொண்டே சொன்ன பதில், எதையும் விடவில்லை. அவர் வாசலில் நின்ற பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப எதுக்குங்க இது? வேற ஆள் போட்டாச்சு. திரும்பக் கிளறினா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு போய்விட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. சொல்லியாயிற்று, அவரே வேண்டாம் என்றுவிட்டார், நான் என்ன செய்ய என்று ஒரு டீ குடித்தேன். அந்த நிம்மதி சாயங்காலப் பஸ் வரும் வரைக்கும்தான் இருந்தது. அந்தப் பெண் இறங்கிச் சாலையோரம் குனிந்து நின்று வாந்தி எடுத்தாள். பட்டறையை அடைத்துவிட்டு அவளுக்குப் பின்னாலேயே நடந்தேன்.

அக்கா களத்தில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார், கூலிக்கு. கையில் துணி சுற்றியிருந்தது. உரிந்து புதிதாக வந்த தோலில் மிளகுச் சாறு பட்டால் எரியும் என்று பிறகு அந்தப் பெண் சொன்னாள். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க தம்பி" என்று சாக்கை உதறிப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அக்கா, அந்த ஆயில்ல ரிமூவர் கலந்திருந்துச்சுங்க. நான்தான் ஊத்தச் சொன்னேன். நீங்க வாசம்னு சொன்னப்பவே எனக்கு ஞாபகம் வந்துருச்சு. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லிடறனுங்க."

அழுவார், திட்டுவார், குறைந்தது ஆச்சரியப்படுவார் என்று நினைத்தேன். கையில் சுற்றிய துணியை இறுக்கிக்கொண்டார்.

"தெரியுமுங்க தம்பி. பொறந்த ஊட்டுல எங்கண்ணன் லாரிக்குப் பெயின்ட் அடிக்கறவரு. அந்த வாசம் எனக்குத் தெரியாதுங்களா? நீங்களே பூசச் சொன்னதால பூசினேன்."

"அப்புறம் ஏனுங்கக்கா கூட்டத்துல சொல்லாம இருந்தீங்க?"

அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. அன்றைக்குக் கதவோரம் நின்று பார்த்த அதே பார்வைதான்.

"நாஞ் சொன்னா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆவும். நீங்களாச் சொன்னா உங்களுக்கு மருவாதைன்னுதானுங்க நின்னுட்டிருந்தேன். சார் கேட்டதும் நீங்க வாயத் தெறந்தீங்க பாருங்க, சொல்லப் போறீங்கன்னே நெனச்சேன் சாமி."